எல்லாரும் சரி என்ற நாள்

அக்கா வெர்லீன் கையில் அறுவை செய்துகொள்வதா வேண்டாமா என்பதை நான் வாஷிங்டன் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய நின்றுபோய்விட்டன. டெக்சஸில் கூட்டாட்சிச் சிறையின் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். டயாலிசிஸ் செய்யத் தோதாகக் கையைக் கீறி ரத்தக்குழாய்களை இணைக்க வேண்டும் என்று அங்குள்ள டாக்டர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வெளியே வந்து நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் செய்துகொள்கிறேன் என்று இவளும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நோயைக் காட்டி விடுதலை கேட்டு அவள் போட்ட மனு எங்கள் அலபாமா பக்கத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டிய நீதிபதி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த நாற்காலிக்கு இன்னும் ஆள் வரவில்லை. பக்கத்து மாவட்டத்து நீதிபதி தன் வழக்குகளோடு இதையும் சேர்த்துப் பார்ப்பார் என்றார்கள். பார்த்தாரா, எப்போது பார்ப்பார், எவருக்கும் தெரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் வக்கீல்கள் சங்கத்திலிருந்து மிஸ் க்வில்லன் போன் செய்தார். கூட்டாட்சி நீதித்துறைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று சங்கம் ஆண்டுதோறும் முடிவெடுத்து, செனட்டர்களின் அலுவலகங்களுக்கு நேரில் போய்ச் சொல்லுமாம். இந்த ஆண்டு முதலில் வைத்திருப்பது காலியான நீதிபதி இடங்களை நிரப்புவது. "நாங்க சொன்னா வக்கீல் பேச்சுன்னு விட்டுடுவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க மிஸ்டர் டெல்பர்ட் டார்ப்ளி" என்றார்.

நான் கூரைகளுக்குத் தார் ஊற்றுகிறவன். லீவு கேட்டபோது மேஸ்திரி சிரித்தார். "போறதுதான் போற, அப்படியே இந்த வெயிலையும் கொஞ்சம் கொறைக்கச் சொல்லிட்டு வா."

போய்ச் சேர்ந்த அன்று ஓட்டலில் ஒத்திகை வைத்தார்கள். மிஸ்டர் கேஸ்கின் என்ற கிழட்டு வக்கீல் செனட்டர்போல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். நான் அக்கா கதையைச் சொன்னேன். காதலன் கொடுத்த பொட்டலங்களை வீட்டில் வைத்திருந்தது, அவன் தப்பியது, இவள் மாட்டியது, தண்டனை, சிறுநீரகம், மனு.

"நல்லா இருக்கு. இப்ப உங்களுக்கு நான் என்ன செய்யணும்?" என்றார் கேஸ்கின், செனட்டர் குரலில்.

"எங்க அக்காவை வெளிய விடணும்."

மிஸ் க்வில்லன் கையைத் தூக்கித் தடுத்தார். "இல்ல டெல்பர்ட், அதை மட்டும் கேக்கக் கூடாது. ஒரு தனி வழக்குல செனட்டர் ஆபீஸ் கை வைக்க முடியாது. கேட்டீங்கன்னா அந்த நிமிஷமே பேச்சு முடிஞ்சிடும். கதையைச் சொல்லுங்க. என்ன வேணும்னு நான் சொல்லிக்கறேன்."

"கதை அக்காவைப் பத்தினதுதானே மேடம்?"

"ஆமா."

"ஆனா அக்காவுக்காகக் கேக்கக் கூடாது."

"ஆமா."

கூரை ஒழுகுகிறது என்று ஒருவன் வந்து சொல்வான், எந்த வீடு என்று மட்டும் சொல்ல மாட்டான் என்றால் நான் எங்கே போய் ஏணி போடுவது? அதைக் கேட்டுவிட்டேன். கேஸ்கின் வயிறு குலுங்கச் சிரித்தார். மிஸ் க்வில்லன் சிரிக்கவில்லை. "ஊர்ல எல்லாக் கூரையும் ஒழுகுதுன்னு சொல்லத்தான் போறோம்" என்றார்.

அதுவும் சரியாகத்தான் பட்டது. அதுதான் தொல்லை. அங்கே யார் எது சொன்னாலும் சரியாகவே பட்டது. அறுவையைப் பற்றிக் கேட்டேன். இப்போது செய்துகொண்டால் சிறையிலேயே நல்ல வைத்தியம் கிடைக்கிறதே, எதற்கு விடுதலை என்று அரசு வக்கீல் கேட்பார் என்றார் கேஸ்கின். செய்துகொள்ளாவிட்டால் கொடுத்த வைத்தியத்தையே வேண்டாம் என்கிறாளே என்பார் என்றார் மிஸ் க்வில்லன். அப்புறம் இரண்டு பேரும், அவர் சொல்வதும் உண்மைதான் என்று ஒருவரை ஒருவர் காட்டினார்கள்.

ராத்திரி படுக்கையில் சங்கத்தின் அறிக்கையை விரல் வைத்துப் படித்தேன். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன், மெதுவாகத்தான் ஓடும். நீதிபதிகள், நீதிமன்றப் பாதுகாப்பு, ஏழைகளுக்கு அரசு வைக்கும் வக்கீல்களின் சம்பளம். ஒன்றையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் வேண்டியவைதான். அக்கா எந்த வரிக்குள் இருக்கிறாள் என்றுதான் பிடிபடவில்லை.

மறுநாள் காலை முதல் செனட்டரின் அலுவலகம். செனட்டர் இல்லை. ஹேஸ்லெட் என்ற உதவியாளர் வந்தான். என் மகனைவிடச் சின்னவன், டை மட்டும் பெரியது. நான் கதையைச் சொன்னேன். நன்றாகவே கேட்டான். பொட்டலம் என்றபோது எழுதினான், சிறுநீரகம் என்றபோது எழுதுவதை நிறுத்தினான்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கு சார். உங்களுக்கு நாங்க என்ன செய்யணும்?"

மிஸ் க்வில்லன் வாயைத் திறந்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி ஒருவன் கண்ணைப் பார்த்துக் கேட்டால் நான் என்ன செய்வேன்?

"எங்க அக்கா மனுவை யாராவது படிக்கணும்" என்றேன்.

மிஸ் க்வில்லன் மெல்லக் கண்ணை மூடினார்.

"அது கோர்ட்டு விஷயம் சார். நாங்க தொடக் கூடாது" என்றான் ஹேஸ்லெட்.

"படிக்க அங்க நீதிபதி இல்லையே தம்பி."

"நீதிபதியைப் போடறது எங்க விஷயம்தான்."

"அப்ப நாற்காலி உங்களோடது. மேசை மேல இருக்கறது உங்களோடது இல்ல."

அவன் கொஞ்சம் யோசித்தான். "கிட்டத்தட்ட அப்படித்தான் சார்."

"சரி, நாற்காலியில ஆளைப் போட்டுடுங்களேன்."

"எங்க செனட்டர் முழு ஆதரவு சார். பேரைச் சொல்ல வேண்டியது வெள்ளை மாளிகை. நம்ம மாநிலத்தோட இன்னொரு செனட்டரும் சரின்னு சொல்லணும்."

அந்த இன்னொரு செனட்டரின் அலுவலகம் அதே நடைபாதையில்தான் இருந்தது. அங்கே ஒரு பெண். அவளும் முழு ஆதரவு என்றாள். பேர் வந்தால் கையெழுத்துப் போடத் தயார், நீதிபதி பேர்களை அலசிப் பார்க்கும் செனட் கமிட்டியில்தான் தாமதம். கமிட்டிக்காரர் ஒருவரையும் பார்த்தோம். அவர் சங்கத்தின் அறிக்கையைத் தட்டிக் கொடுத்து, இதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன், மேலே பேர் வரட்டும் என்றார்.

மதியம் சாப்பாட்டு அறையில் பீன்ஸ் சூப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"யாருமே மாட்டேன்னு சொல்லலியே சார். அப்புறம் யாருதான் தடுக்கறாங்க?" என்று கேஸ்கினைக் கேட்டேன்.

"அதைக் கண்டுபிடிக்கத்தான் வருஷா வருஷம் வரேன். மொத தடவை வந்தப்ப தலையில முடி இருந்துது" என்றார்.

விதியை மீறியதற்குத் திட்டு விழும் என்று இருந்தேன். மிஸ் க்வில்லன் என் கை மேல் கை வைத்தார். "காலையில பயந்துட்டேன். ஆனா அந்தப் பையன் உங்களை மறக்க மாட்டான். அடுத்த வருஷம் நீங்கதான் மொதல்ல பேசணும் டெல்பர்ட்."

"அடுத்த வருஷமா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. "அதுக்குள்ள நடந்துடும். நடந்தா நல்லது. நான் சொன்னது, பொதுவா..." என்று இழுத்தார். நல்ல பெண்மணி. நானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது. சிறையிலிருந்து வரும் அழைப்பு, இந்தப் பேச்சு பதிவாகும் என்று இயந்திரம் சொல்லி முடித்ததும் அக்கா.

"டேய் டெல், பாத்துட்டியா பெரிய மனுஷங்களை? டை கட்டினியா, இல்ல தார்ச் சட்டையோட போய் மானத்தை வாங்கினியா?"

"கட்டினேன். கழுத்தை நெரிக்குது."

"என்னடா சொன்னாங்க?"

"எல்லாரும் சரின்னு சொன்னாங்க அக்கா."

"எல்லாருமா?"

"ஒருத்தர் விடாம. நீதிபதி போடணுங்கறாங்க, ஆதரவுங்கறாங்க. ஒரு பொடிப் பையன் உன் கதையைக் கேட்டுக் கண் கலங்கிட்டான்."

அவள் சிரித்தது கேட்டது. அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தாள். "அப்ப டாக்டர்கிட்ட இப்ப வேண்டாம்னு சொல்லிடறேன். கொஞ்ச நாள்தானே, தாங்கிக்கறேன். வீட்டுக்கு வந்தே கையைக் கீறிக்கலாம்."

கேஸ்கின் சொன்னது ஞாபகம் வந்தது, மிஸ் க்வில்லன் சொன்னது ஞாபகம் வந்தது, இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விட்டன. அக்கா மூச்சு வாங்குவது மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"வேண்டாம் அக்கா. அறுவை செஞ்சுக்கோ. நாளைக்கே செய்யச் சொல்லு."

"என்னடா உளர்ற? எல்லாரும் சரின்னாங்கன்னு இப்பத்தானே சொன்ன?"

"ஆமா. அதனாலதான் சொல்றேன்."

நான் சொன்னது அவளுக்குப் புரிந்ததா, எனக்கே புரிந்ததா என்று தெரியவில்லை.

"எந்தக் கையில செய்யச் சொல்லட்டும்?" என்றாள் கடைசியில்.

"இடது கையில. நீ வலது கையாலதானே எழுதுவ."

மிஸ் க்வில்லன் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஓர் அலுவலகம் பாக்கி இருந்தது.