கட்டியவள் கை

"அண்ணி, திரைய இழுத்து விடுங்க. கல்யாண வீட்டுக்காரங்க வர்றாங்க."

நாத்தனார் ஷர்மினி சொன்னது அருந்ததியின் காதில் விழத்தான் செய்தது. ஆனால் இன்று அவள் கை திரைப்பக்கம் போகவில்லை.

கணவன் தயாளன் இறந்த நாளிலிருந்து மூன்று வருடமாக, லிட்டில் இந்தியாவின் அந்தப் பூக்கடையில் அவளுக்குத் திரைக்குப் பின்னால்தான் இடம். விதவை தொட்ட மாலை மணமேடை ஏறக்கூடாதாம். கட்டுவது அருந்ததி, எடுத்துக் கொடுப்பது ஷர்மினி. ஊர்க் கண்ணில் மண்ணைத் தூவ ஒரு துணி போதுமாயிருந்தது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் நார் கிழித்த மதியங்களை அவள் யாரிடம் சொல்வாள்? காலையில் ஒரு பெண், "யாரு கட்டினதுக்கா? ரொம்ப அழகு லா," என்று கேட்க, ஷர்மினி கூசாமல் "நான்தான்" என்றிருந்தாள். அதுதான் பொறுக்கவில்லை.

வள்ளியம்மா படியேறி வந்தார். விடிந்தால் அவருடைய இளைய மகளுக்கு முகூர்த்தம். அருந்ததி எழுந்து, ரோஜாவும் சம்பங்கியுமாய்க் கட்டிய ஜோடி மாலையைத் தானே நீட்டினாள்.

வள்ளியம்மா கையை இழுத்துக்கொண்டார். "தப்பா நினைக்காதம்மா, நல்ல காரியம். ஷர்மினி கையால குடுக்கச் சொல்லு."

"கட்டினதே நான்தாங்கக்கா. போன வருசம் உங்க மூத்த பொண்ணுக்கும் நான்தான் கட்டினேன். அவ நல்லாத்தானே இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா..." குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"பொழப்பக் கெடுத்துட்டீங்களே, அண்ணி." ஷர்மினியும் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கால்மணி நேரத்தில் முனைக்கடை அப்புத்துரை வேர்க்க விறுவிறுக்க வந்தார். அவர் கடையில் கட்ட ஆளில்லை; அவசரமென்றால் இங்கே வாங்கித்தான் விற்பார்.

"தங்கச்சி, கல்யாண மாலை ஒரு ஜோடி இருக்கா? வள்ளியம்மா அக்கா கடையில காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

அருந்ததிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

"இருக்குண்ணே. அருந்ததி கட்டினதுன்னு சொல்லிக் குடுப்பீங்களா?"

"எதுக்கும்மா வம்பு? யார் கட்டினா என்ன, பூ பூதானே."

"அப்ப இல்லைண்ணே."

அவர் போனதும் திரையைக் கழற்றி மடித்து வைத்தாள். ஜோடி மாலையைத் தெருவைப் பார்த்த ஆணியில் மாட்டினாள். மிச்சமிருந்த மல்லிகையில் ஒரு முழம் கிள்ளித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

கடை மூடும்வரை ஒருவரும் படியேறவில்லை. அவள் முன்பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து, நாளைக்கு வேண்டிய நாரைத் தண்ணீரில் நனையப் போட்டாள்.