கிராதியில் வைத்த கன்னம்

யூனிஸ் டீச்சர் காசநோய்க்காகப் பதினெட்டு மாதம் சானடோரியத்தில் படுத்திருந்து, தினம் ஊசி குத்திக்கொண்டு, அறுபத்தாறாம் வருஷம் ஆகஸ்டில் மேற்குத் தாம்பரத்து வீட்டுக்குத் திரும்பினாள். நோய் போய்விட்டது. போகிற போக்கில் அவள் கன்னங்களையும் கொண்டுபோய்விட்டது. மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களும் ஆடி விழுந்ததில், முகத்தின் இரண்டு பக்கமும் ஒரு எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைக்கிற அளவுக்குக் குழி. வயசு முப்பத்தெட்டுதான்.

சளியை மூன்று தடவை பரிசோதித்துக் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எக்ஸ்ரேயும் சுத்தம். பள்ளிக்கூடத்தில் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் ஒன்பதாம் வகுப்புக் கணக்கை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். வம்பு வந்தது சர்ச்சில்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் மரக் கிராதி ஓடும். அதன் ஓரம் வரிசையாக முழங்கால் போட வேண்டும். போதகர் இடது பக்கத்திலிருந்து அப்பம் கொடுத்துக்கொண்டு போவார். பிறகு திராட்சரசம். எல்லாருக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரம்தான். ஒருவர் குடித்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து அடுத்தவர் வாயில் வைப்பார். பாட்டுக்குழு கடைசியில் போகும், மற்றவர்கள் போய்வருகிற வரை பாட வேண்டுமே. எல்லாம் முடிந்து பாத்திரத்தில் மிச்சம் இருந்தால் அதைப் போதகரே அங்கேயே குடித்துத் தீர்க்க வேண்டும். கொட்டக் கூடாது. ஜெபப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

யூனிஸ் பாட்டுக்குழுவில் பன்னிரண்டு வருஷம். கிராதியில் அவளுக்கு இடப்பக்கம் நாத்தனார் பியூலா, வலப்பக்கம் டெலிபோன் ஆபீஸ் சாராள். திரும்பி வந்த முதல் திருவிருந்தில் யூனிஸ் குடித்த பாத்திரம் சாராளிடம் போனது. சாராள் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு விளிம்பில் ஒட்டி எடுத்தாள். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. யூனிஸ் பக்கத்தில் இருந்துகொண்டு அதைப் பார்த்தாள்.

அந்த வாரமே போதகர் ஜெபராஜ் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தாள். அவர் டம்ளரைத் தொடாமல் பேசினார்.

"டீச்சர், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. கொஞ்ச நாளைக்குக் கடைசி ஆளா வந்து வாங்கிக்கிட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

"சர்டிபிகேட் காட்டட்டுமா ஐயா?"

"எனக்கெதுக்கும்மா சர்டிபிகேட்? எனக்குத் தெரியாதா? ஜனங்க கண்ணுக்கு உங்க முகம்தானே தெரியுது. கன்னம் கொஞ்சம் தேறட்டும். அப்புறம் பழையபடி வரிசையில வந்துடுங்க."

யூனிஸின் புருஷன் தேவானந்தம் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. சண்டை என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிற சாது. "ஐயா சொல்றதும் நியாயமாத்தானே படுது" என்றார். நியாயம்! எந்தக் கடையில் விற்கிற நியாயமோ.

அவளும் பொறுத்துக்கொண்டாள். அக்டோபரில் பாட்டுக்குழுவெல்லாம் எழுந்து போன பிறகு, அத்தனை நீளக் கிராதியில் ஒற்றை ஆளாக முழங்கால் போட்டு வாங்கிக்கொண்டாள். ஆராதனை முடிந்து குடையை எடுக்கப் பின்பக்கம் போனபோதுதான் அதைப் பார்த்தாள். சர்ச்சைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்பிள்ளை ஞானையா வெள்ளிப் பாத்திரத்தைச் செம்பருத்திச் செடியின் தூரில் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஞானையா இது?"

அவன் திருதிருவென்று விழித்தான். "நா இன்னா பண்றது டீச்சர்? மிச்சம் கீது, ஊத்திடுன்னு போதகர் ஐயாதான் குட்தாரு."

அதாவது, அவளுக்குப் பிறகு குடிக்க வேண்டிய ஒரே ஆள் போதகர். அவரும் குடிக்கவில்லை. சாராளாவது உதட்டை ஒட்டினாள். யூனிஸ் வீட்டுக்கு வந்து அழுதாள். சானடோரியத்தில் ரத்தம் ரத்தமாகத் துப்பிய நாட்களில்கூட அவள் அப்படி அழவில்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, கண்ணாடி முன்னால் நின்று சொன்னாள்: "கன்னம்தானே வேணும்? கொண்டுவர்றேன்."

பியூலா நல்லவள்தான், பயந்தவள். அவள் ஒரு சாப்பாட்டுப் பட்டியலே போட்டுவிட்டாள். காலையில் இரண்டு முட்டை, பத்து மணிக்குக் கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் மீன், ராத்திரி வாழைப்பழமும் பாலும், நடுநடுவே மூக்கைப் பிடித்துக்கொண்டு மீன் எண்ணெய். யூனிஸ் விடாமல் தின்றாள். நாலு மாதத்தில் இடுப்பு பெருத்தது, ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைக்கவேண்டி வந்தது. கன்னம் மட்டும் எனக்கென்ன என்று கிடந்தது.

"பஞ்சை வச்சுப் பாரேன் யூனிஸ்" என்றாள் பியூலா. "யாருக்குத் தெரியப்போகுது?"

பல்லாவரத்தில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் பஞ்சு அடக்கிக்கொண்டு போனாள். வாசலில் எல்லாரும் "அடடா, தேறிட்டீங்களே" என்றார்கள். பந்தியில் பிரியாணியோடு சேர்ந்து ஒரு பக்கத்துப் பஞ்சு உள்ளே போய்விட்டது. மிச்ச நேரமெல்லாம் ஒரு பக்கம் பூரிப்பும் ஒரு பக்கம் பட்டினியுமாக உட்கார்ந்திருந்தாள்.

பிறகுதான் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்து எழும்பூரில் தயாளன் என்கிற டாக்டரிடம் போனாள். தீக்காயம் பட்ட முகங்களைச் சீர்படுத்துகிறவர். கன்னத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

"மூணு வழி இருக்கும்மா. மெழுகை உருக்கி ஊசியில ஏத்துறது பழைய முறை. நான் செய்யமாட்டேன். நாளாக நாளாகக் கட்டி கட்டியா இறுகிப்போகும். இப்ப சிலிகான்னு ஒரு திரவம் வெளிநாட்டுல போடுறாங்க. போட்ட இடத்துலயே அது நிக்கும்னு யாரும் எனக்கு இன்னும் நிரூபிக்கல. மூணாவது, உங்க உடம்புக் கொழுப்பையே எடுத்துக் கன்னத்துல வைக்கிறது."

"இடுப்புல தாராளமா இருக்கு டாக்டர்."

அவர் சிரித்துவிட்டார். "வச்சதுல பாதி கரைஞ்சுடும். அதுக்கு மயக்க மருந்து வேற குடுக்கணும். உங்க நுரையீரலை இப்பத்தான் மீட்டு எடுத்திருக்காங்க, கன்னத்துக்காக அதோட விளையாட வேண்டாம். பல் டாக்டர்கிட்ட போங்க. பல்செட் கட்டும்போது ரெண்டு பக்கமும் தடிப்பா வச்சுக் கட்டச் சொல்லுங்க. உள்ளேயிருந்து கன்னத்தைத் தள்ளிக்கிட்டு நிக்கும். வேண்டாம்னா கழட்டிடலாம்."

தாம்பரம் பல் டாக்டர் முனிரத்தினம் அப்படி ஒன்றை அதற்குமுன் கட்டியதில்லை. மெழுகில் செய்து வாயில் வைத்துப் பார்த்து, சுரண்டி, மறுபடி வைத்து, ஆறு தடவை நடக்கவிட்டார். கடைசியில் ரோஸ் நிறத்தில் ஒரு பல்செட் வந்தது, இரண்டு பக்கமும் திமிலோடு. மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். கல்யாணப் போட்டோவில் இருந்த யூனிஸ் பார்த்தாள். மறைப்பானேன், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஸ்டேஷன் ரோட்டில் கடைக் கண்ணாடிகளில் தன்னைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

அந்த ஞாயிறு சர்ச் வாசலில் சாராள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடித்தாள்! "டீச்சர், இப்பதான் மனுஷ முகமா இருக்கு. வியாதி சுத்தமா போயிடுச்சு பாருங்க, முகத்துலயே தெரியுது."

போதகர் இரண்டு கையையும் விரித்தார். "கர்த்தர் பெரியவர். அடுத்த திருவிருந்துக்கு உங்க வரிசையிலேயே வாங்க டீச்சர்."

யூனிஸ் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்து பல்செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டாள். அது பாட்டுக்கு மிதக்காமல் அடியில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நுரையீரலைப் படம் பிடித்துக் காட்டினேன், நம்பவில்லை. பிளாஸ்டிக்கைக் காட்டினேன், உடனே நம்பிவிட்டார்கள். நாளைக்கு இது உடைந்தால் எனக்கு மறுபடி வியாதி வந்துவிடுமா?

"எதுக்கு இப்ப மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்றார் தேவானந்தம். "அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே."

"எனக்கு முடியலைங்க" என்றாள்.

ஜூன் மாத முதல் ஞாயிறு. பாட்டுக்குழுப் பெண்கள் ஏழு பேர் கடைசியாகக் கிராதிக்கு வந்தார்கள். பியூலா, யூனிஸ், சாராள், அதற்கப்பால் நாலு பேர். சாராளின் முழங்கை யூனிஸின் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக இந்த இடிக்காகத்தான் ஏங்கியிருந்தாள். போதகர் அப்பத்தைக் கையில் வைத்தார். வாயில் போட்டாள். அது பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டது. ருசி தெரியவில்லை. நாக்கால் துழாவினாள், கரையவில்லை, இறங்கவும் இல்லை.

ஒரு கணம்தான் யோசித்தாள். விரலை விட்டுப் பல்செட்டைக் கழற்றினாள். கைக்குட்டையை விரித்து, கிராதியின் மேல் எல்லாரும் பார்க்கும்படி அதை வைத்தாள். அப்பத்தை நிதானமாக மென்று விழுங்கினாள். கன்னங்கள் இரண்டும் தம் பழைய குழிக்குப் போய்ச் சேர்ந்தன.

பியூலா குடித்து முடித்திருந்தாள். பாத்திரத்தோடு யூனிஸ் முன்னால் வந்த போதகர் நின்றுவிட்டார். கைக்குட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"டீச்சர்..." என்றார் மெதுவாக.

"அதே வாய்தான் ஐயா" என்றாள் யூனிஸ். "போன நிமிஷம் வரைக்கும் நல்லா இருந்த வாய்."

கொடுக்காமல் தாண்டிப்போக அவருக்குத் துணிச்சல் வரவில்லை. கொடுத்தார். அவள் நன்றாக ஒரு மடக்கு குடித்தாள். அவர் விளிம்பை ஒரு தடவை துடைத்தார், திருப்பி இன்னொரு தடவை துடைத்தார். சாராளிடம் நகர்ந்தார்.

சாராள் எழுந்துவிட்டாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இடத்துக்குப் போனாள். அடுத்தவள் எழுந்தாள். மற்ற மூவரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். யூனிஸின் வலப்பக்கம் கிராதி முழுக்கக் காலி. பியூலா எழுந்திருக்கவும் தைரியமில்லாமல் இருக்கவும் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள். ஆர்மோனியம் தானாக நின்றது.

போதகர் பாத்திரத்தின் மேல் துணியைப் போட்டார். பீடத்தின் பக்கம் திரும்பினார்.

"ஐயா" என்றாள் யூனிஸ். முழங்காலில் இருந்தபடிதான் சொன்னாள். ஆனால் அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கப் பழகிய குரல் அது. "இனி வாங்கிக்க யாரும் இல்லை. மிச்சத்தை நீங்கதான் குடிக்கணும். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னைக்கும் செம்பருத்திக்கு ஊத்திடாதீங்க ஐயா. அதுக்கு வியாதி எதுவும் வரலை, நல்லாத்தான் பூத்திருக்கு. நானும் எட்டு மாசமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஞானையா கதவுப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டான். சபை முழுக்கப் போதகரின் முதுகைப் பார்த்தது. அவர் திரும்பினார். துணியை எடுத்தார். சாராளைப்போல உதட்டை ஒட்டி எடுத்திருக்கலாம். யூனிஸ் பக்கத்திலிருந்து பார்க்கிறாளே. அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்கக் குடித்தார். கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாத அளவுக்குக் குடித்தார்.

"ஆமென்" என்றாள் யூனிஸ். எழுந்து, காலியான கன்னங்களோடு நடுவழியாக நடந்து தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் ஞானையா வீட்டுக்கு வந்தான். கைக்குட்டையில் சுற்றி, பல்செட்டைப் பிரசாதம்போல இரண்டு கையாலும் நீட்டினான்.

"டீச்சர், இத்த அங்கியே வச்சுட்டு வந்துட்டீங்க."

"தெரிஞ்சுதான் வச்சேன் ஞானையா."

"அப்போ இத்த இன்னா பண்றது?"

"சர்ச்சிலேயே இருக்கட்டும்" என்றாள் யூனிஸ். "யாருக்காவது என் பக்கத்துல முழங்கால் போட என் கன்னம் வேணும்னா, அதை எடுத்துப் பார்த்துக்கட்டும். நான் இனிமே இப்படித்தான் வருவேன். வரிசையிலதான் வருவேன்."