பெயிண்டர் வீட்டுச் சுவர்

பெயிண்டர் வீட்டு முன்னறைச் சுவரைப் பார்த்தவர்கள் ஒரு நிமிடம் வாயடைத்துத்தான் நிற்பார்கள். அப்படி ஒரு வழுவழுப்பு! பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று கோட்டு அடித்து இழைத்து வைத்த சுவர். வேலை கொடுக்க வருகிறவர்களிடம் அவர் அதிகம் பேச மாட்டார். சுவரைக் காட்டிவிட்டு ஓரமாக நின்றுகொள்வார். தொட்டுப் பார்த்தவர் வேறு ஆளைத் தேடிப் போனதாகச் சரித்திரமே இல்லை.

அந்தச் சுவருக்குப் பின்பக்கம் குளியலறை. வருஷத்துக்கு ஒருமுறை கீழ்மூலையில் கறுப்புக் கறுப்பாகப் பூசணம் தலைகாட்டும். பெயிண்டரா அசருவார்? ஈரத்துணியால் ஒரு துடை, மேலே ஒரு கோட்டு. போயே போச்சு! அப்படி மறைத்த கைவேலையில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்த மூலையை ஒட்டித்தான் மகளின் கட்டில். எட்டு வயது, செல்லப்பேர் வாயாடி. பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள், நுரையோடு. அந்தப் பிள்ளை ஆறு மாதமாக ஒரு பேச்சை மூன்று துண்டாகப் பேசிக்கொண்டிருந்தது. "அப்பா, இன்னிக்கு எங்க..." என்பாள், இருமல். "எங்க மிஸ்..." என்பாள், நெஞ்சுக்குள் இழுப்பு. கடைசியில் "ஒண்ணுமில்லப்பா" என்று விட்டுவிடுவாள். வாயாடியே ஒண்ணுமில்லை என்றால் பெற்றவர் மனசு என்ன பாடுபடும்?

டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, இழுப்புக்கு மருந்து எழுதினார். "அத்தை வீட்டுக்குப் போனா இருமல் இல்லைங்கறீங்க. உங்க வீட்டுல ஈரச்சுவர், பூசணம் ஏதாவது இருக்கா?"

"பெயிண்டர் வீட்டுலயா? என்ன டாக்டர் நீங்க!" என்று சிலிர்த்துக்கொண்டார் அவர்.

பக்கத்தில் நின்ற சம்சாரம் விடுவாளா? "இருக்கு டாக்டர். வருஷா வருஷம் இவரு அதுக்குப் புதுச்சட்டை போட்டு விடுறாரு."

"சட்டை போட்டா உள்ள இருக்கறது சாகாது. அது காத்துல கலந்து பிள்ளை நெஞ்சுக்குள்ள போகுது. முதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. 

மறுநாளே மகளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு சுரண்டியை எடுத்தார். முதலில் கை வரவில்லை. பத்து வருஷத்துப் பேர் அல்லவா அது! மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு இழு இழுத்தார். பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. அடியில் கரிச்சட்டியின் அடிப்பக்கம் மாதிரி ஒரே கறுப்பு.

"அடப்பாவி! இதுக்குப் பக்கத்துலயா பிள்ளையைத் தூங்க வச்சேன்!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அப்புறம் கை நிற்கவில்லை. செங்கல் தெரியும்வரை பூச்சைக் கொத்தி எறிந்தார். பிளம்பர் வந்து குளியலறைக் குழாயின் கசிவை அடைத்துவிட்டு, "நல்லா காயணும். ரெண்டு மாசம் பெயிண்ட் பக்கமே போயிடாதீங்க" என்றார். பெயிண்டரிடம் இதைச் சொல்வதில் அவருக்குத்தான் எத்தனை ஆனந்தம்!

சுவர் காய்ந்துகொண்டிருந்த சமயம் பார்த்து, மழலையர் பள்ளி நடத்தும் மேடம் ஒருவர் வந்தார். பள்ளி முழுக்கப் பெயிண்ட் அடிக்க ஆள் தேடுகிறார். பெயிண்டர் ஆயுசில் இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. உள்ளே வந்த மேடத்தைப் பார்த்துச் செங்கல் பல்லை இளித்தது.

"சுவரைப் போய்ப் பாருங்கன்னாங்க. இதுவா அந்தச் சுவர்?"

பெயிண்டர் ஏதோ சமாளிக்க வாயெடுத்தார். அதற்குள், முந்தின நாள்தான் அத்தை வீட்டிலிருந்து திரும்பியிருந்த மகள் முந்திக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு ஆன்ட்டி ஆனா உள்ள பூரா பூசணம் எங்கப்பாதான் அது மேலயே பெயிண்ட் அடிச்சு அடிச்சு மறைச்சு வச்சாரு எனக்கு ஒரே இருமல் டாக்டர் திட்டினாங்க அப்பா அழுதாராம் அம்மா சொன்னாங்க அழுதுட்டே எல்லாத்தையும் கொத்திப் போட்டாராம் இப்ப காயுது நீங்களும் உங்க ஸ்கூல்ல பீரோவைத் தள்ளிப் பாருங்க ஆன்ட்டி அங்கயும் இருக்கும்!"

சம்சாரம் தலையில் கை வைத்துக்கொண்டாள். வந்த வேலையைக் கெடுத்துவிட்டதே இந்தப் பிள்ளை! ஆனால் பெயிண்டரோ காதுவரை சிரித்துக்கொண்டு நின்றார். பெருமை தாங்கவில்லை மனுஷனுக்கு.

"சுவர் போனா போகட்டும் மேடம். இவ பேசினதைக் கேட்டீங்களா? ஒரு எடத்துல கூட மூச்சு வாங்கல!"