பொட்டித்தோணி

ஜப்பான்காரனுக்குப் பயந்து தோட்டத்துத் துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது நாயைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். பியானோவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். தோட்டத்து ஜனங்களையும் இரண்டு தோணிகளையும் அப்படியே போட்டுவிட்டுப் போனார். ஈப்போ பக்கத்தில் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் துடுப்புப் போட்ட தோணிகள் அவை. மேல்புறமும் பலகையால் மூடியிருக்கும், நடுவில் மட்டும் ஓர் ஆள் இறங்கி உட்கார ஒரு பொந்து. துரை அதைக் கயாக் என்பார். தோட்டத்தில் அதற்குப் பெயர் பொட்டித்தோணி. பெட்டிக்குள் படுக்கத் துரைக்கு என்ன அவசரம் என்று சிரித்தவர்கள், அடுத்த வருஷமே தங்கள் ஆட்கள் பெட்டி கூட இல்லாமல், ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில்பாதையில் புதைவார்கள் என்று கண்டார்களா?

ஜப்பான்காரன் வந்து மூன்றாவது வருஷம், சித்தியவான் கடற்கரையிலிருந்த ஒரு ஜப்பான் அதிகாரிக்கு அந்தத் தோணிகள்மேல் ஆசை பிறந்தது. ஊரில் அரிசி இல்லை, உப்பு இல்லை, கட்டத் துணி இல்லை. அவருக்குத் தோணி வேண்டுமாம். தோட்டத்து பஸ்ஸின் கூரை கேரியரில் இரண்டையும் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு வரும்படி அப்பாவு என்ற டிரைவருக்கு உத்தரவு வந்தது. பெட்ரோல் கிடையாது, பஸ்ஸின் முதுகில் பொருத்திய கரியடுப்பின் புகையில்தான் வண்டி ஓடவேண்டும். அடுப்புக்குக் கரி போட இருந்த பையன்களையெல்லாம் சயாமுக்குப் பிடித்துப் போயாகிவிட்டது. அதனால் அப்பாவுவின் மனைவி நவமணியே பின்னால் உட்கார்ந்து கரி போட்டாள்.

நவமணி அவனுக்கு மனைவியாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன் அவள் பழனியப்பன் பெண்டாட்டி. பழனியப்பனும் அப்பாவுவும் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள், மச்சான் மச்சான் என்று உயிரை விடுகிறவர்கள். விடிகாலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடும்போது மற்றவர்கள் தூக்கக் கலக்கத்தில் முனகுவார்கள். பழனியப்பன் மட்டும் "இருக்கேன்!" என்று கங்காணியின் காது கிழியக் கத்துவான். பெரட்டே சிரிக்கும். அவனையும் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த ஒருவன், பழனியப்பனைக் குழியில் தள்ளியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். நவமணி தாலியைக் கழற்றினாள், தனியாகக் கிடந்து பட்டினியில் வற்றினாள். பிறகுதான் அப்பாவு ஒரு மஞ்சள் கயிற்றோடு அவள் வாசலில் போய் நின்றான். அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, ஊரறியக் கட்டினான். அவளை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

புறப்படுகிற அன்று காலையில், பங்களாத் தோட்டக்காரன் சீனி தோணிகளைக் கூரையில் ஏற்றிக் கட்டிவிட்டு வந்து அப்பாவுவின் காதோரம் குனிந்தான்.

"அண்ணே, இடது பக்கத் தோணிக்குள்ள ஒரு ஆளு படுத்திருக்கான். சயாம்லேருந்து ஓடியாந்தவன். சித்தியவான்ல கருப்பம்மா கள்ளுக்கடைகிட்ட எறக்கிவுட்டுரு. அங்க மீன்புடிக்கிறவங்க பாத்துக்குவாங்க."

அப்பாவு அவனைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "உனக்குப் பைத்தியமாடா? மாட்டுனா என் தலை போயிரும். யாருடா அது?"

"பேரக் கேக்காதண்ணே." சீனி தரையைப் பார்த்தபடி நகர்ந்துவிட்டான். ஜப்பான் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். இனி யாரையும் இறக்க முடியாது.

வழியெல்லாம் மேலே தோணி கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது. கரி பஸ்ஸில் எதுதான் ஆடவில்லை? ஜன்னல் ஆடியது, சீட் ஆடியது, தூங்கிய சிப்பாயின் தாடை ஆடியது. அப்பாவு கொஞ்சம் நிம்மதியாகத்தான் ஓட்டினான்.

ஆற்றுப்பாலத்துக் காவலில் வண்டியை மறித்தார்கள். இறங்கி இடுப்பு வளையக் கும்பிட்டான். காவல் சிப்பாய் கையை வெட்டிக் காட்டி எஞ்சினை அணைக்கச் சொன்னான். அணைத்தான். ஜன்னல் நின்றது, சீட் நின்றது.

மேலே இடது பக்கத் தோணி மட்டும் நிற்கவில்லை. கேரியர் கம்பியில் கடகட, கடகட என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

குளிர்ஜுரம்! சயாமிலிருந்து வருகிற ஒவ்வொருத்தனும் மூட்டையோ துணியோ இல்லாமல் வந்தாலும் அதைக் கொண்டுவராமல் இருப்பதில்லை. காவல் சிப்பாய் அண்ணாந்து பார்த்து, "அப்பா இத்து?" என்று மலாயில் கத்தினான், என்ன அது என்று.

"தாலி லொங்கார், துவான்!" அப்பாவுவும் மலாயில் கத்தினான். கயிறு தளர்ந்துவிட்டது, ஐயா. மலாய்க்காரர்களுக்குக் கயிறு என்றாலே தாலிதான். நம் ஆட்களுக்கும் அதேதான், மஞ்சள் பூசினால் முடிந்தது. கத்திய கையோடு ஏணியில் தொற்றிக் கூரைக்கு ஏறினான். தோணியின்மேல் நெஞ்சைக் கொடுத்துக் கவிழ்ந்து படுத்து, கயிற்றை இழுக்கிற மாதிரி பாவனை செய்தான். பலகை வழியாக அந்த நடுக்கம் அவன் விலா எலும்பில் ஏறியது.

"அசையாதய்யா, கீழ ஜப்பான்காரன் நிக்கிறான்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

பலகைக்கு அடியிலிருந்து பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம். அதற்கு நடுவே ஒரு குரல்.

"மச்சான்... நீதான் ஓட்டுறேன்னு சீனி சொன்னான். அதுக்கப்புறந்தான் நம்பி உள்ள படுத்தேன்."

அப்பாவுவின் கையிலிருந்து கயிறு நழுவியது. அந்தக் குரலை அவன் தூக்கத்திலும் அடையாளம் சொல்வான். குழியில் தள்ளியதாகச் சொன்னார்களே! பார்த்தேன் என்றானே, பாவி!

"நவமணி நல்லாருக்காளாடா? சீனியக் கேட்டா பேச்ச மாத்துறான்."

கீழே காவல் சிப்பாய் ஏணியில் காலை வைத்துவிட்டான். அப்பாவுக்கு அந்த இடத்தில் ஒன்று தோன்றியது, தோன்றவில்லை என்று நான் பூசி மெழுகமாட்டேன். படுத்திருக்கிற நெஞ்சை எடுத்தால் போதும். தோணி ஆடும், சிப்பாய் பார்ப்பான், மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். செத்துப்போனதாக ஊரே அழுது முடித்த ஆள்தானே. நவமணி எப்போதும்போல் வீட்டில் இருப்பாள். சீ, என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டு, முன்னைவிட அழுத்திப் படுத்தான். ஆனால் அவன் பாரத்துக்கும் அந்த நடுக்கம் அடங்கவில்லை. சிப்பாய் இரண்டாம் படியில் ஏறினான்.

அப்போது பின்னாலிருந்து, அடுப்புப் பக்கத்திலிருந்து, நவமணி குரல் கொடுத்தாள்.

"ஏங்க! நானும் வந்து ஒரு கை புடிக்கவா? ஏங்க!"

தோணி நின்றுவிட்டது.

குளிர்ஜுரம் சொன்னால் கேட்டு நிற்கிற வியாதியா? ஆனாலும் நின்றது. அந்தக் குரல் யாருடையது என்று பழனியப்பனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குரல் 'ஏங்க' என்று கூப்பிட்டால் அதற்கு அர்த்தம் என்ன என்றும் சொல்ல வேண்டியதில்லை. அவனை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சிப்பாய் காதைக் கொடுத்துக் கேட்டான், ஏணியிலிருந்து இறங்கினான், போ என்று கையை வீசினான்.

அதன் பிறகு வழியில் எத்தனை பள்ளம் வந்தும் இடது பக்கத் தோணி சத்தம் போடவில்லை. செத்துவிட்டானோ என்று நினைத்தான் அப்பாவு.

சித்தியவானில் தென்னந்தோப்பு ஓரம் கருப்பம்மாளின் கள்ளுக்கடை. கருப்பம்மாள் விவரமானவள், ஒரு வார்த்தை கேட்காமல் சிப்பாயைச் சிரித்துப் பேசி உள்ளே கூட்டிப்போய்க் கள்ளை ஊற்றினாள். அப்பாவு நவமணியைத் தோப்புக்கு அந்தப் பக்கம் கொட்டாங்குச்சி பொறுக்க அனுப்பிவிட்டுக் கூரைக்கு ஏறிக் கயிற்றை அவிழ்த்து இடது பக்கத் தோணியைச் சரித்தான். பொந்து வழியாக ஆளை இழுத்துத் தரைக்கு இறக்கியபோது பாரமே இல்லை. தாடியும் எலும்பும் சொறியும்தான் வெளியே வந்தன. கன்னம் ஒட்டி, பல் கொட்டி, பெற்றவளே பார்த்தாலும் தெரியாத முகம்.

"மச்சான், எனக்கு..." என்று அப்பாவு ஆரம்பித்தான்.

"ஒண்ணும் சொல்லாத. அவ சோறு திங்கிறாளா?"

"திங்கிறா."

"அது போதும். அவகிட்ட என்னைக் காட்டிக் குடுத்துறாத."

பேசி முடிப்பதற்குள் நவமணி திரும்பிவிட்டாள். பஸ் ஓரம் ஓர் ஆளைப் பார்த்ததும் கொட்டாங்குச்சிகளைச் சிதறவிட்டு நின்றாள். "சத்தம் போடாத. சயாம்லேருந்து வந்தவரு," என்றான் அப்பாவு. அவள் ஓடிப்போய்த் தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள், எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"குடிங்கண்ணே. பேரென்னண்ணே?"

அண்ணே! அப்பாவுக்கு யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த ஆள் குவளைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, "சன்னாசி," என்று காற்றாகச் சொன்னான்.

"அண்ணே, எங்க தோட்டத்து ஆளு ஒருத்தரும் அங்க இருந்தாருண்ணே. செத்துட்டாருன்னு சொன்னாங்க. கடைசியில கஷ்டப்பட்டாரா, சட்டுனு போயிட்டாரா, அதையாவது..." அவள் அப்பாவுவின் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அவரு பேர என் வாயால எப்புடிச் சொல்றது? நீங்க சொல்லுங்க."

அந்த ஆள் குவளைக்கு மேலாக அப்பாவுவைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். சொல்லாதே. அப்பாவுக்குப் புரிந்தது. ஏதோ ஒரு பேர் சொன்னால் போதும், சதாசிவம் என்று சொன்னால்கூடப் போதும். தெரியாது என்பான், மீன்பிடிக்கிறவர்கள் கூட்டிப்போவார்கள், கதை முடிந்துவிடும். அப்பாவு வாயைத் திறந்தான்.

"பழனியப்பன்."

விசாரிக்கிற குரலில் சொல்லத்தான் நினைத்தான். வந்தது பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடுகிற குரல். எத்தனை வருஷத்து விடிகாலைப் பழக்கம், யோசிக்க நேரம் கொடுக்குமா? அந்த ஆளின் முகவாய் தானாக நிமிர்ந்தது.

"இருக்கேன்," என்றான்.

நவமணி அவனைப் பார்க்கவில்லை. திரும்பி அப்பாவுவைத்தான் முதலில் பார்த்தாள்.