பெயர் வெளியிட விரும்பாத ஏழு பேர்

எங்கள் வார இதழில் ஒரு வெடிகுண்டு நாற்பது வாரமாக வெடிக்காமல் இருந்தது. நகரத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தீவிரவாதிகள் வைத்த குண்டு. கடைசிப் பதினோரு வாரமாக அதன் கடிகாரத்தில் ஐந்து நொடிதான் பாக்கி. அந்த ஐந்து நொடிக்குள் ஏஜென்ட் நிழல் இரண்டு பேரைக் காதலித்து, ஒருத்தியை மறந்து, நான்கு முறை மாடியிலிருந்து குதித்துவிட்டார். ஒவ்வொரு முறையும் மெத்தென்று எதன்மீதாவதுதான் விழுவார். இந்தத் தொடர்கதையை எழுதியவர் மெத்தைக் கடை முதலாளி. புனைபெயர் கமாண்டர். கடை ஆட்களும் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு.

அந்தத் தொடருக்கு வரும் வாசகர் கடிதங்களைப் பிரித்துப் பக்கம் கட்டுவது என் வேலை. வந்தால்தானே பிரிக்க? சேர்ந்த முதல் வாரமே ஆசிரியர் முன்னால் போய் நின்றேன்.

"சார், கடிதம் ஒண்ணுகூட வரலை."

"பக்கம் காலியாப் போகக் கூடாதும்மா."

"அப்போ எப்படி சார்?"

"எப்படின்னு நான் கேக்க மாட்டேன், நீயும் சொல்லாத." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளிய தெரிஞ்சா எனக்கு எதுவும் தெரியாது. உனக்கு வேலை கிடையாது. அவ்வளவுதான்."

அப்போதுதான் அக்கா வீட்டை விட்டுத் தனியாக ஓர் அறை எடுத்திருந்தேன். ஒரு ஜன்னல், ஒரு மேஜை, உள்பக்கம் தாழ்ப்பாள். வேலை போனால் மறுபடியும் அக்கா வீட்டு சோபாதான். அதன் நடு ஸ்பிரிங்குக்கும் என் முதுகெலும்புக்கும் மூன்று வருஷப் பகை.

ஆகவே வாசகர்களை நானே பெற்றுப் போட்டேன். ஒரு செருப்புப் பெட்டியில் ஆளுக்கொரு அட்டை. பல் டாக்டருக்குப் பச்சை மை, சாய்ந்த கையெழுத்து; 'பச்சை மையில் எழுதுகிறேன்' என்றுதான் அவர் கடிதம் அச்சிலும் தொடங்கும். ஓய்வுபெற்ற டீச்சருக்கு என் இடது கை. புதிதாகக் கல்யாணமான பெண் தொடரைப் படித்துக்கொண்டே அடுப்பில் பாலை மறந்துவிடுவாள். மூன்று முறை பொங்கவிட்டேன். அலுப்பான வாரங்களுக்கு 'பெயர் வெளியிட விரும்பாத வாசகர்'. அவருக்கு அட்டைகூடக் கிடையாது.

சாப்பாட்டுக்குப் பிறகான அந்த நேரம் விசித்திரமானது. மின்விசிறி ஒரே சீராகச் சுற்றும். திரைச்சீலை மூச்சு விடுவதுபோல் உப்பும், அடங்கும். டாக்டரும் டீச்சரும் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும். டீச்சருக்கு இடது முழங்கால் வலி என்று அட்டையில் எழுதவே இல்லை, ஆனாலும் எனக்குத் தெரியும்.

அப்படி ஒரு மழை நாளில், ஜன்னலுக்கு வெளியே தெருவே கரைந்துகொண்டிருந்தபோது, யோசிக்காமல் ஒன்று எழுதினேன்.

'ஐயா, என் வீட்டுக்காரருக்கும் இதுதான் வேலை. அவர் எங்கிருந்தும் குதிப்பதில்லை. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவார். இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்பார். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை என்று எனக்குப் புரியப் பத்து வருஷம் ஆயிற்று. உங்கள் ஏஜென்டுக்கு மட்டும் எதற்கு இத்தனை கைதட்டல்? இப்படிக்கு, ஓர் உளவாளியின் மனைவி.'

பக்கத்தில் ஏழு வரி குறைந்தது. போட்டுவிட்டேன்.

மறுநாளே கமாண்டர் இதழைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தச் சுருள்தான் அவருக்குத் துப்பாக்கி.

"யாருங்க இந்தம்மா? எனக்கே உளவு சொல்லித் தருதா?"

"வாசகர் கருத்துதானே..." என்றார் ஆசிரியர்.

"எல்லாரும் பாராட்டுறாங்க, இது ஒண்ணுதான் எதிர்க்குது. எதிரியோட வேலை மாதிரி இருக்கு. தொடர் முடியுற அன்னைக்கு விழா வைங்க. கடிதம் எழுதின அத்தனை பேரும் நேர்ல வரட்டும், என் கையால பரிசு. இந்தம்மா வரலைன்னா கடிதம் போலி. அப்புறம் அந்தப் பகுதியையே விசாரிக்கணும்."

ஆசிரியர் என்னைப் பார்க்கவில்லை. விட்டத்தை அவ்வளவு கவனமாக அவர் பார்த்து நான் கண்டதில்லை.

நாற்பத்தோராவது வாரம் குண்டு அடங்கியது. ஞாயிறு மதியம் எங்கள் மூன்றாம் மாடிக் கூடத்தில் விழா என்று இதழில் அறிவித்திருந்தோம். இருபது நாற்காலி போட்டேன். நாற்காலி போடும்போதே அறையின் தாழ்ப்பாளும் சோபா ஸ்பிரிங்கும் மாறிமாறி நினைவுக்கு வந்தன. இல்லாதவர்கள் எப்படி வருவார்கள்?

லிஃப்ட் கதவு திறந்தது. சட்டைப் பையில் பச்சைப் பேனாவோடு ஒருவர் இறங்கினார்.

"நான்தாங்க அந்தப் பல் டாக்டர்."

கைகூப்பினேன். பிறகு மெல்லப் புரிந்தது. மனிதர் நிஜமாகவே பல் டாக்டர். வாயைத் திறந்தவர்களெல்லாம் 'அது நீங்கதானா?' என்று கேட்டிருப்பார்கள். முதலில் மறுத்திருப்பார், பிறகு சிரித்திருப்பார், பிறகு ஒரு பச்சைப் பேனா வாங்கியிருப்பார்.

டீச்சர் வந்தார், இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு. பின்னாலேயே இன்னொரு டீச்சர். இருவரும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். புதுப்பெண் வந்தாள். "நீ எப்போடி எழுதின?" என்று கணவன் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர் மட்டும் ஏழு பேர். மூன்றாமவர், தேய்த்த சட்டையோடு, என் அத்தான்.

"அத்தான், நீங்களா?"

"ஷ்! அக்காகிட்ட சொல்லிடாத."

"நிஜமாவே நீங்கதான் எழுதினீங்களா?"

"பின்ன? இத்தனை வருஷமா பாக்குற, என் நடை தெரியலையா உனக்கு?"

நானே உண்டாக்கியவர்கள் நானே போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து, நான் எழுதிய வரிகளைத் தங்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதியதைவிட நன்றாகவே சொன்னார்கள். என்னை யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்களோ என்றுகூடத் தோன்றியது.

கமாண்டர் எழுந்தார்.

"எல்லாரும் வந்துட்டீங்க. அந்த உளவாளி மனைவி யாரு? எழுந்திருங்க பாப்போம்."

பாராட்டுக்கெல்லாம் இரண்டு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள். இதற்கு ஒருவரும் இல்லை. ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா? போலி!"

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். "அந்தக் கடித உறையைக் கொண்டு வாம்மா."

உறை ஏது? எழுந்து நின்றேன். போவதற்கு இடம்தான் தெரியவில்லை.

"நான்தாங்க."

கடைசி வரிசையில், மடியில் துணிப்பை வைத்திருந்த ஓர் அம்மா எழுந்திருந்தார்.

கமாண்டர் முகவாயைத் தூக்கினார். "உங்க வீட்டுக்காரர் எந்தப் பிரிவு?"

"அதைப் பொது இடத்துல சொல்லலாமா சார்? உங்களுக்குத் தெரியாததா?"

கமாண்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமாமா, சொல்லக் கூடாது. எனக்குப் புரியுது," என்றார். எதிரியை விசாரிக்க வந்தவர், அவரிடம் ரகசியம் பகிர்ந்துகொண்டவராகப் போய் உட்கார்ந்தார்.

பரிசு, ஆளுக்கொரு தலையணை. அத்தனை பேரும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் எழுந்து போகிறவர்களைப் போல லிஃப்டை நோக்கி நடந்தார்கள். மீந்த ஒன்றை என் கையில் வைத்தார் கமாண்டர்.

"நீ எனக்கு ஒரு கடிதம்கூட எழுதினதில்லையேம்மா?"

"நேரமே கிடைக்கலை சார்."

கடைசி முறை லிஃப்ட் வந்தபோது நானும் அந்த அம்மாவும்தான்.

"உங்க வீட்டுக்காரர் உண்மையாவே...?"

"லிஃப்ட் பராமரிப்பு. இதுவும் அவர் பாக்குறதுதான்." சுவரை லேசாகத் தட்டினார். "சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டுவார். என்ன ஆச்சுன்னா, ஒண்ணும் ஆகலைம்பார். உங்க இதழ்ல படிச்சதும், யாரு நம்ம வீட்டுக்குள்ள வந்து பாத்துட்டுப் போனதுன்னு தூக்கிவாரிப் போட்டுச்சு. அது யாருன்னு பாக்கத்தான் வந்தேன். இன்னைக்குக் கமாண்டர் அதைப் போலின்னு சொன்னப்போ உக்காந்திருக்க முடியல."

எழுதியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் தலையணையின் உறையை இழுத்துச் சரி செய்தார்.

"பேசாம இரும்மா," என்றார்.

லிஃப்ட் இரண்டாம் மாடியைக் கடந்தது. முதல் மாடியைக் கடந்தது. ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தரையில் வந்து நின்றது.