மிச்சம் வைத்த கண் மருந்து

முத்தாயி வீட்டு ஐஸ்பெட்டியைத் திறந்தால் முட்டைத் தட்டில் முட்டை இருக்காது. பாதி குடித்த இருமல் மருந்து, யாருக்கோ வாங்கிய காது மருந்து, போன வருஷத்துக் காய்ச்சல் மாத்திரை, இதெல்லாம்தான் இருக்கும். மெர்லிமாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஒரே பாட்டில் மருந்தைப் பத்து வீட்டுக்கு ஊற்றிக் குடித்து வளர்ந்தவள். மருந்தைக் குப்பையில் போட அவளுக்குக் கை வராது. நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? அந்த நல்ல மனசுதான் வினையாக வந்து சேர்ந்தது.

அவளுக்கு ஒரே மகள் தாரணி. இருபத்தாறு வயசு. பத்து பெரண்டாம் என்கிற ஊரில் ஒரு ஃபேக்டரியில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சிப் சரிபார்க்கிற வேலை. முகமூடி போட்டால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று காண்டாக்ட் லென்ஸ் போட ஆரம்பித்தாள். அவர்கள் குடியிருந்த புக்கிட் காத்திலில் மூணு நாள் தண்ணீர் வராதபோது, டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரில் லென்ஸ் டப்பாவைக் கழுவினாள். லென்ஸையும் அதிலேயே ஒரு அலசு அலசினாள். அடுத்த வாரமே வலது கண் செக்கச்செவேலென்று சிவந்துவிட்டது.

கிளினிக்கில் கொடுத்த மருந்து ரெண்டு நாளில் கேட்கவில்லை. முத்தாயிக்குப் பொறுக்குமா? தனக்குக் கண்புரை ஆப்பரேஷன் ஆனபோது கொடுத்த சொட்டு மருந்து பாதிக்குமேல் மிச்சம் இருந்தது.

"எனக்கே பார்வை குடுத்த மருந்து, உனக்குக் கேக்காதா?" என்று மகள் தலையை மடியில் சாய்த்து ரெண்டு சொட்டு விட்டாள். மறுநாளே சிவப்பு வடிந்தது. முத்தாயிக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு உஷாராணியைக் கூப்பிட்டுச் சொல்லி மாய்ந்தாள். தாரணியும் மறுபடி லென்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மூணு வாரம் சிவப்பதும் சொட்டு விடுவதுமாக ஓடியது. ஒரு காலை தாரணி கண்ணைத் திறக்க முடியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். வெளிச்சம் பட்டாலே ஊசி குத்துகிறது என்றாள். ஆஸ்பத்திரியில் உடனே படுக்கை கொடுத்தார்கள். தண்ணீரில் இருக்கிற அமீபாக் கிருமி லென்ஸ் வழியாகக் கருவிழிக்குள் புகுந்திருக்கிறது, பார்வையைக் காப்பாற்றுவதே பெரிய பாடு என்றார் மலாய்க்கார டாக்டரம்மா. கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்.

"வேற ஏதாச்சும் மருந்து விட்டீங்களா? வீட்ல இருந்தது, யாராவது குடுத்தது?"

முத்தாயி வாயைத் திறப்பதற்குள், "இல்ல டாக்டர்" என்றாள் தாரணி. முத்தாயிக்கு அப்பாடா என்றிருந்தது. பாவி, அந்த நிமிஷம் அவளுக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.

வார்டில் மணிக்கொரு தடவை மருந்து விட்டார்கள். விட்டால் நெருப்பாய் எரியும். ரெண்டாம் நாள் மத்தியானம் பார்க்கப் போனபோது தாரணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உன் மருந்து வச்சிருக்கியா? அத விட்டாத்தான் வலி அடங்குது. தாங்க முடியல லா."

பெற்றவள் என்ன செய்வாள்? திரையை இழுத்துவிட்டுப் பைக்குள்ளிருந்து எடுத்து விட்டாள். எட்டு நாள், தினமும் விட்டாள்.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியில் வெள்ளை வளையம் பெரிதாகியிருந்தது.

"இந்நேரம் மருந்து கேட்டிருக்கணும். ஏன் கேக்கலன்னு எனக்குப் புரியல" என்றார்.

முத்தாயியால் அதற்குமேல் முடியவில்லை. பையிலிருந்த பாட்டிலை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். டாக்டரம்மா அதிலிருந்த எழுத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தவில்லை. வயசில் பெரியவளை மலாயில் கூப்பிடுகிற முறையில்தான் கூப்பிட்டார்.

"மக்சிக், இது வலியை அடக்கும். கிருமியை எதிர்க்கிற சக்தியையும் சேத்து அடக்கிடும். இத்தனை நாளா அந்தக் கிருமிக்குச் சோறு போட்டு வளத்திருக்கீங்க."

அந்த வாரமே கருவிழி கரைந்து ஓட்டை விழுந்தது. ஒட்டுப் போட்டு மூடினார்கள். வலது கண்ணில் இனி வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரியும். கிருமி முழுக்க ஒழிந்தபிறகு வேறு கருவிழி வைத்துப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

"டாக்டர் கேட்டப்ப ஏன்மா இல்லன்னு சொன்ன?" என்று முத்தாயி கேட்டாள்.

தாரணி பக்கத்துக் கட்டில் பக்கம் கையைக் காட்டினாள். "நாம வந்த அன்னைக்கு அந்தக் கட்டில் பொண்ணோட அம்மாவ நர்ஸ் எல்லார் முன்னாலயும் திட்டிக்கிட்டு இருந்தாங்கல்ல? உன்னையும் அப்படித் திட்டுவாங்க. நீ பதில் சொல்லத் தெரியாம முழிச்சுக்கிட்டு நிப்ப. எனக்கு மனசு வரலம்மா."

"திட்டட்டுமே" என்றாள் முத்தாயி. "தோட்டத்துல வாங்காத திட்டா? இன்னொன்னு வாங்கியிருந்தா நான் தேஞ்சா போயிருப்பேன்? உன் கண்ணு இருந்திருக்குமே."

மருந்து விடுகிற நேரம் வந்தது. தாரணி தலையணையில் முகத்தை நிமிர்த்தி, கட்டுப் பிரித்த கண்ணைத் தானே விரலால் விரித்துப் பிடித்தாள்.

"நீயே விடும்மா. உன் கைன்னாத்தான் எனக்குப் பயம் இல்ல."

முத்தாயி ஆஸ்பத்திரி மருந்துப் பாட்டிலைக் கையில் எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிறகு எழுந்து போய் நர்ஸைக் கூப்பிட்டாள்.