முப்பத்தோராவது கையெழுத்து

மணி ஐந்து ஐம்பத்தைந்து. சாலையின் எதிர்ப்பக்கத்தில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகள் டே கேர் வாசலில் நின்றாள். இந்தப் பக்கம், நகராத காருக்குள், அப்பா ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டிருந்தார். நடுவில் மார்பளவுத் தடுப்புச்சுவர். ஆறு மாதம் முன்புவரை அதில் ஒரு யூ டர்ன் இருந்தது. இப்போது இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிக்னலில் திரும்பி, அதே இரண்டு கிலோமீட்டர் ஊர்ந்து வரவேண்டும். நகரத்தில் நாளுக்கு நாள் புதுக் கார்கள் இறங்கிக்கொண்டிருந்தன. சாலை மட்டும் அதே அகலம். எப்படியும் அரை மணி நேரம் ஆகும்.

அந்த யூ டர்னை அடைத்த மகானுபாவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

சாலைத் துறையில் வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. ஓரிடத்தில் மணிக்கு எத்தனை வண்டி திரும்புகிறது என்று எண்ணி, குறைவாக இருந்தால் அடைத்துவிடுவது துறை வழக்கம். இங்கே எண்ணியது டே கேருக்கு விடுமுறை விட்டிருந்த வாரத்தில். வந்தது மணிக்குப் பதினோரு வண்டி. விடுமுறை என்று அவருக்குத் தெரியாதா என்ன, மகள் அப்போது வீட்டில்தானே இருந்தாள்! ஆனாலும் மறுபடி எண்ணச் சோம்பல். மேலதிகாரி வேறு அவசரப்படுத்தினார். எண்ணிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டு, கம்ப்யூட்டரில் ஒரு கோடு இழுத்தார். கோடு இழுக்கக் கையா வலிக்கப் போகிறது?

ஆறு மணி தாண்டி மூன்று முறை வந்தால் குழந்தைக்கு இடம் கிடையாது என்பது டே கேர் சட்டம். ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது. இடம் போனால் மனைவி வேலையை விடவேண்டியதுதான். எட்டு வருடம் ஆய்வகத்தில் மாடாக உழைத்து, இப்போதுதான் மேற்பார்வையாளர் ஆகியிருந்தாள்.

அவர் காரை அப்படியே விட்டு இறங்கி, சுவரில் ஏறப் பார்த்தார். பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"யோவ், வண்டிய நடுரோட்டுல விட்டுட்டு எங்கய்யா போற?"

"என் பொண்ணு அங்க நிக்கிறா, ஒரே நிமிஷம்..."

"எல்லாருக்கும்தான் பொண்ணு இருக்கு. வண்டிய எடு!"

மகள் அப்பாவைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போய்க் காரில் ஏறினார்.

வந்து சேர்ந்தபோது ஆறு இருபத்தைந்து.

"பிள்ளைய நிறுத்த எனக்கு மட்டும் ஆசையா சார்?" என்றாள் டீச்சரம்மா. "இந்த மாசம் இது ஏழாவது குழந்தை. அந்த வழிய அடைச்சவன் நல்லா இருப்பானா?"

"இருக்கமாட்டான்" என்றார் அவர்.

யூ டர்னைத் திறக்கச் சொல்லிப் பெற்றோர்கள் எழுதிய மனுவை அவள் நீட்டினாள். முப்பது கையெழுத்து இருந்தது. முப்பத்தோராவதாக அவரும் போட்டார். போடாமல் என்ன செய்வார்?

நான்காம் நாள் மனு அவர் மேஜைக்கே வந்து சேர்ந்தது. மேலதிகாரி கையெழுத்துகளைப் படிக்கவில்லை.

"பழைய எண்ணிக்கையையே போட்டு, முடியாதுன்னு பதில் அனுப்பிடுங்க."

எண்ணியதே தப்பு சார் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. சொன்னால், அந்தத் தாளில் இருப்பது யார் கையெழுத்து என்று கேட்பார்.

"சரி சார்."

கோரிக்கை ஏற்பதற்கில்லை என்று எழுதி அவரே கையெழுத்திட்டார். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஆளுக்கொன்றாக மொத்தம் முப்பத்தொரு பிரதிகள். தன் முகவரி போட்ட உறையை உருவிவிடலாம் என்று நினைப்பதற்குள் தபால் பிரிவு ஆள் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மனைவி வேலையை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று மாலையும் அவர் நெரிசலில் வெந்து நொந்து வீடு வந்தார். மேஜைமேல் பிரித்த உறை கிடந்தது.

"பதினோரு வண்டின்னு போட்டிருக்கு. எப்ப எண்ணினாங்களாம்?"

அவள் விரல் கடிதத்தின் அடியில், கையெழுத்தின்மேல் இருந்தது. கல்யாணப் பதிவேட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அதே கையெழுத்து.

"லீவு வாரத்துல" என்றார்.

அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள்.

"இனிமே நீங்க அவசரப்பட வேண்டாம்" என்றாள். "எவ்வளவு லேட்டானாலும் பரவாயில்ல. நான் வீட்டுலதானே இருக்கேன்."